உதவி தேவை: 12 பட்டன் ஷார்ட்கட் கீபேட், இரண்டு பட்டன் எப்போதும் அழுத்தியபடியே காட்டுகிறது

கேள்வி (நூல்கண்டு):
ப்ரோ மைக்ரோ (யுஎஸ்பி கீபோர்டாக நடிக்கக்கூடிய சின்ன ஆர்டுவினோ வகை) போர்டில் 12 பட்டன் வைத்து ஷார்ட்கட் கீபேட் செய்கிறேன். 12×12 மி.மீ. நாலு கால் டாக்ட் ஸ்விட்ச் (அழுத்தும்போது மட்டும் சேரும் பட்டன்), மேலே வட்டத் தொப்பி. டாட் போர்டில் (துளைகள் நிறைந்த பொதுவான சர்க்யூட் போர்டு) சால்டர் செய்து, மேலே 3 மி.மீ. அக்ரிலிக் மூடி. எல்லா பட்டனிலும் இடது கீழ்க்கால் கிரவுண்டுக்கு, இடது மேல்கால் 2 முதல் 10, 14, 15, 16 பின்களுக்கு. கோடில் பின்மோட் (பின் எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற அமைப்பு) இன்புட்.

4, 9ஆம் பட்டன்கள் எப்போதும் அழுத்தியபடியே இருக்கின்றன. மற்றவை கையை அருகில் கொண்டுபோனாலே தானாக அடிக்கின்றன. சில சமயம் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பேஸ்ட் ஆகிறது. மூடியை முடுக்கினால் நடுவரிசையும் சிக்கிக்கொள்கிறது. கோடில் தப்பா?

பதில் (ஈயப்பற்று):
கோடை இப்போதைக்கு விடுங்கள். யுஎஸ்பியைக் கழற்றி, மூடியையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து 4ஆம் பட்டனின் இரண்டு ஒயரையும் தொடுங்கள். அழுத்தாமலே பீப் வந்தால் பெரும்பாலும் அந்த பட்டன் 90 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கும்.

இந்த ஸ்விட்சில் எதிரெதிர்ப் பக்கத்தில் நேருக்கு நேர் இருக்கும் கால்கள் (சுமார் 12.5 மி.மீ. தள்ளி) உள்ளே ஒரே தகடு. ஒரே பக்கத்தில் 5 மி.மீ. தள்ளி இருக்கும் இரண்டு கால்கள்தான் அழுத்தும்போது சேரும். உடல் சதுரம், டாட் போர்டில் எந்தத் திசையிலும் நுழைந்துவிடும். திரும்பிய பட்டனில் உங்கள் இடது கீழ்க்காலும் இடது மேல்காலும் ஒரே தகடாகிவிடும். பட்டனைப் பிடுங்க வேண்டாம், போர்டில் சால்டர் பிடிக்கும் செம்பு வட்டம் (பாட்) உரிந்துவிடும். சிக்னல் ஒயரை மட்டும் வலது மேல்காலுக்கு மாற்றுங்கள். குறுக்காக எதிர் மூலைக் கால்களை எடுத்தால் பட்டன் எப்படித் திரும்பியிருந்தாலும் சரியாக வேலை செய்யும்.

பதில் (ஒயர்மேன்):
தானாக அடிப்பதற்குக் காரணம் கோடில் உள்ள அந்த இன்புட்தான். பட்டன் திறந்திருக்கும்போது பின் எதோடும் சேராமல் மிதக்கிறது, கையின் மின்புலமே போதும். இன்புட்_புல்அப் என்று மாற்றுங்கள். சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் புல்அப் ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும், வெளியே ரெசிஸ்டர் வேண்டாம்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. பட்டன் கிரவுண்டோடு சேர்வதால் அழுத்தினால் லோ (0 வோல்ட்), விட்டால் ஹை (5 வோல்ட்). கோடில் நிபந்தனையைத் தலைகீழாக, ஹை வந்தால் அழுத்தியது என்று எழுதி ஏற்றினால் 12 பட்டனும் ஒரே நேரத்தில் அழுத்தியதாக ஆகி, கணினியில் கண்டபடி அடிக்கும், அடுத்த அப்லோடுக்கே வழி விடாது. அப்படி மாட்டினால் ஆர்எஸ்டி (ரீசெட்), கிரவுண்ட் பின்களை ஒரு துண்டு ஒயரால் வேகமாக இரண்டு முறை ஒன்றோடொன்று சேர்த்து விடுங்கள். சுமார் 8 வினாடி பூட்லோடரில் (புதுக் கோடை வாங்கக் காத்திருக்கும் நிலை) நிற்கும், அதற்குள் புதுக் கோடு போய்ச் சேர வேண்டும். காலியாக இருக்கும் ஏ0 பின்னை கிரவுண்டோடு சேர்த்திருந்தால் கீபோர்டு தொடங்காதபடி கோடில் ஒரு வரி போட்டு வைப்பது இன்னும் நல்லது.

இரட்டை பேஸ்ட், தகடு சில மில்லி வினாடி துள்ளுவதால். ஹையிலிருந்து லோவுக்கு மாறும் கணத்தில் மட்டும் கீயை அனுப்புங்கள், அடுத்த 20 மில்லி வினாடிக்கு அந்த பட்டனின் மாற்றத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். கீயை அனுப்பியதும் எல்லா கீயையும் விடுவிக்கும் ரிலீஸ் ஆல் கட்டளை கட்டாயம், இல்லாவிட்டால் கண்ட்ரோல் கீ பிடித்தபடியே நிற்கும்.

பதில் (அரம்):
நடுவரிசை சிக்கல் முழுக்க மூடியுடையது. நடு ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள், சரியானால் மூடியைத் தாங்கும் ஸ்பேசர் (சின்னத் தூண்) குட்டை. தொப்பியின் அடி விளிம்பை அக்ரிலிக் கீழே அமுக்குகிறது. எம்3 வாஷர் ஒன்று கூடுதலாகப் போட்டு உயர்த்துங்கள். தளர்த்தியும் சிக்கினால் துளை இறுக்கம். தொப்பியை வெர்னியரில் அளந்து, அதைவிட 0.5 முதல் 1 மி.மீ. பெரிதாகத் துளை இருக்கட்டும்.

அக்ரிலிக்கில் நேராகப் பெரிய பிட் வைத்தால் விளிம்பு தெறிக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி, அடியில் பலகை வைத்து, 3 மி.மீ. துளையில் தொடங்கி ஸ்டெப் ட்ரில்லால் மெதுவாகப் பெரிதாக்குங்கள். முடித்தபின் ஸ்பிரிட், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். டாட் போர்டு அழுத்தும்போது வளைந்தால் நடுவில் ஒரு ஸ்பேசர் கொடுங்கள், வளைந்து வளைந்து சால்டர் விட்டுப்போகும்.

நூல்கண்டு:
4, 9 இரண்டும் திரும்பித்தான் இருந்தன, ஒயர் மாற்றியதும் பீப் நின்றது. நன்றி அண்ணா. 3×4 மேட்ரிக்ஸாக (வரிசை, நெடுவரிசையாக பின்களைப் பகிரும் இணைப்பு) மாற்றினால் நல்லதா? ஓபிஎஸ்ஸுக்கு (வீடியோ பதிவு, நேரலை மென்பொருள்) எந்த கீ வைப்பது?

ஒயர்மேன்:
12 பட்டனுக்கு 12 பின் இருக்கும்போது மேட்ரிக்ஸ் வேண்டாம் தம்பி. பின் மிச்சமாகும், ஆனால் பட்டனுக்கு ஒரு 1என்4148 டயோடு வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மூலை அழுத்தும்போது நாலாவது மூலையும் அழுத்தியதாகக் காட்டும்.

கீ, எஃப்13 முதல் எஃப்24 வரை சரியாக 12. சாதாரண கீபோர்டில் இவை இல்லாததால் வேறு ஷார்ட்கட்டோடு மோதாது. ஓபிஎஸ் செட்டிங்ஸில் ஹாட்கீஸ் பெட்டியைக் கிளிக் செய்து, உங்கள் பட்டனை அழுத்தினால் பதிவாகிவிடும்.

ஈயப்பற்று:
ப்ரோ மைக்ரோவின் மைக்ரோ யுஎஸ்பி சாக்கெட் இழுவையில் தகடோடு பெயர்ந்து வரும். பெட்டியை மூடும் முன் கேபிளை ஒரு டையால் பெட்டியின் உட்சுவரில் கட்டிவிடுங்கள்.