மறு: ஸ்ட்ரீமிங் – ஓடை, தாரை, பாய்வு

அன்புள்ள குழுவினருக்கு,

பாட்டை முழுதாக இறக்கிவைக்காமல் வலையிலிருந்து வரவரக் கேட்பதான ‘ஸ்ட்ரீமிங்’குக்குத் தமிழ்ச் சொல் தேடும் உங்கள் மடல்களை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். குறுவை நடவு, கணினிப் பக்கம் உட்கார முடியவில்லை. நேற்று மாலையோடு நடவு முடிந்தது. இனிச் சண்டைக்கு வரலாம்.

நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் கட்டற்ற இசைச் செயலியில் இந்தச் சொல் ஓரிடத்தில் பெயராக வருகிறது, ஓரிடத்தில் வினையாக, இன்னோரிடத்தில் பொத்தான்மேல் ஏவலாக. முன்வந்த சொற்களை எல்லாம் அந்த மூன்று இடங்களிலும் வைத்துப் பார்த்தேன். அகராதியில் அழகாக நிற்கும் சொல் பொத்தானில் ஏறியதும் பல்லை இளிப்பதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

முதலில் ஓடை. நேர்ப்பொருள் அதுதானே என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே ‘ஃபீட்’ என்பதற்குச் ‘செய்தியோடை’ வந்துவிட்டது. சமூக வலைத்தளத்தில் நண்பர்களின் பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதையும் நம்மில் பலர் ஓடை என்றே எழுதுகிறோம். நம் செயலியிலோ பாட்டைக் கேட்கலாம், கேட்டதை நண்பர்களோடு பகிரவும் செய்யலாம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ‘இந்த ஓடையை உங்கள் ஓடையில் பகிர்க’ என்று ஒரு வரி வந்து நிற்கும். வினையாக்கினாலோ ‘ஓடையாக்கு’, ‘ஓடையிடு’. வேண்டாம்.

தாரை, கும்பகோணத்து அக்கா சொன்னது. ஒரு நாள் முழுக்க அந்தச் சொல்லிலேயே மயங்கிக் கிடந்தேன். இடையறாமல் ஒழுகுவது தாரை. ஊதும் நீண்ட கருவி ஒன்றுக்கும் தாரை என்று பெயர். இசைச் செயலிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? ஆனாலும் அக்கா, நம் ஊர் டீக்கடையில் யாராவது ‘தாரை’ என்றால் அடுத்த சொல் ‘வார்த்துவிட்டார்கள்’ என்றுதான் வரும். காவிரி உரிமையைத் தாரை வார்த்துவிட்டதாக ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிய சுவரொட்டிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ‘எங்கள் நாதசுரக் கச்சேரியைத் தாரையாக வழங்குகிறோம்’ என்று எழுதினால் கச்சேரியை யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டதாகத்தான் இங்கே படிப்பார்கள்.

நான் முன்வைப்பது ‘பாய்’ என்ற வேர். காரணம் ஒன்றுதான், ஆனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் அனுப்புகிறவர் செய்வதற்கும் கேட்கிறவர் செய்வதற்கும் ஒரே வினைதான். கச்சேரியை வலையில் விடுகிறவரும் ‘ஸ்ட்ரீம்’ செய்கிறார், வீட்டில் படுத்துக்கொண்டு கேட்கிறவரும் ‘ஸ்ட்ரீம்’ செய்கிறார். தமிழுக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை. தண்ணீர் பாய்கிறது, நாம் பாய்ச்சுகிறோம். தன்வினையும் பிறவினையும் தயாராக இருக்கின்றன. எங்கள் தெருவில் நாதசுரம் வாசிப்பவரின் மகன், திருவிழாவில் கைப்பேசியைத் தேங்காய்மூட்டைமேல் நிறுத்திவைத்து வாசிப்பை வலையில் விடுகிறான். அவன் பாய்ச்சுகிறான். சிங்கப்பூரில் இருக்கும் அவன் அத்தை கேட்கிறார். வாசிப்பு அவரிடம் பாய்கிறது. ஆகவே அனுப்புகிறவர் திரையில் ‘பாய்ச்சு’, கேட்கிறவர் திரையில் ‘பாய்வில் கேள்’, பெயர்ச்சொல்லாக ‘பாய்வு’. ‘பாய்ச்சல்’ வேண்டாம், அதைக் கேட்டால் புலிதான் நினைவுக்கு வருகிறது.

பள்ளிப் பாடநூல்களும் இந்த வேரைப் பழக்கிவைத்திருக்கின்றன. பாய்மம், காந்தப் பாயம், பாய்வுப் படம் எல்லாம் படித்துத் தேறிய பிள்ளைகளுக்குப் பாய்வு புதிதாக இருக்காது.

இந்த வேரை எடுத்துக்கொண்டால் கூடவே வரும் சொற்களும் சிக்கலில்லாமல் அமைகின்றன. பாட்டு பாய்ந்து வருகையில் கைப்பேசி கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைக்கிறதே, அந்த இடத்துக்குப் (‘பஃபர்’) பழைய கலைச்சொல் பட்டியலில் ‘இடையகம்’ என்று இருக்கிறது, இருக்கட்டும். என் சண்டை, பாட்டு நின்று காத்திருக்கையில் திரையில் சுற்றும் வட்டத்தின் அடியில் வரும் வரியோடு. ஒருவர் ‘தேங்குகிறது’ என்று போட்டிருக்கிறார். ஐயா, தண்ணீர் தேங்கினால் பயிர் அழுகும். இங்கே நடப்பது நேர்மாறு: தொட்டி காலி, அதனால் பாட்டு நிற்கிறது. பம்புசெட்டுத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டு இறைத்தாலும் தொட்டி நிறைந்திருந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஒரே சீராகப் போகும். அந்த வரி ‘நிரம்புகிறது’ என்றே இருக்க வேண்டும்.

தரத்தைத் தேர்வதற்கு ‘பாய்வு வீதம்’. இது வெறும் அலங்காரச் சொல் இல்லை. அரை மணி நேரத் தோடி ஆலாபனையை நொடிக்கு 320 கிலோபிட் வீதத்தில் கேட்டால் 72 மெகாபைட் செலவாகும். 96 என்றால் சுமார் 22. 24 என்றால் ஐந்தரைக்குள் முடிந்துவிடும், ஆனால் தவில் தகரம்போல் ஒலிக்கும். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில், வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு இந்தக் கணக்கு விளக்காமலே புரியும். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். கடைமடைக்கு வரும்போது எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர் என்பது வேறு கதை. அலைபேசிக் கோபுரத்துக்குத் தலைமடையில் இருப்பவரும் கடைமடையில் இருப்பவரும் ஒரே சந்தாதான் கட்டுகிறார்கள்.

பாய்வோடு சேராத சிறு திருத்தம் ஒன்று: பதிவுகளை முன்கூட்டியே எழுதிவைத்துக் குறித்த நேரத்தில் வெளியிடும் வசதிக்கு ‘திட்டமிடு’ என்று இருப்பதை ‘நேரம் குறி’ என்று மாற்றினால் போதும். ‘முறைவை’ என்று எழுதலாமா என்று சபலம் வந்தது; வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவது தெரியாத சென்னைக்காரர்கள் விழிப்பார்கள். விட்டுவிட்டேன்.

அன்புடன்,
ஆடுதுறையிலிருந்து

—

மன்னார்குடியிலிருந்து வந்த மறுமொழி:

தம்பி, தன்வினை பிறவினை வாதம் நன்று. ஆனால் பிணையத்தில் (நெட்வொர்க்கில்) நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்றைக்குப் பாட்டு ஆறுபோல் வருவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கிச் சேவையகத்தில் (சர்வரில்) வைத்துவிடுவார்கள், ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் இருக்கும். கைப்பேசிதான் ‘அடுத்ததைக் கொடு’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. வேகம் குறைந்தால் தரம் குறைந்த, எடை குறைந்த துண்டாகக் கேட்கிறது. அனுப்புகிறவர் மதகைத் திறந்துவிட்டுப் போவதில்லை. கேட்கிறவர் ஏற்றம் கட்டி, சால் சாலாக இறைத்துக்கொள்கிறார். அப்படியானால் ‘இறைப்பு’ அல்லவா சரியான சொல்?

—

ஆடுதுறையிலிருந்து:

ஐயா, வணக்கம். மறுக்க முடியவில்லை, ராத்திரி தூக்கமும் போயிற்று.

நீங்கள் சொல்வது உள்ளே நடப்பது. 1995இல் ‘ரியல் ஆடியோ’ வந்தபோது சேவையகமே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு முறை தலைகீழானது. ஆங்கிலச் சொல் மாறவில்லை. கேட்கிறவர் காதில் விழுவது இன்னும் அறுபடாத ஓட்டம்தான் என்பதால் மாற வேண்டிய தேவையும் வரவில்லை. ஏற்றம் போட்டு இறைத்தாலும் வயலில் நிற்பவர் ‘தண்ணீர் பாய்கிறது’ என்றுதானே சொல்கிறார்? நாதசுரத்தின் உறுப்புகளுக்கு உலவு, அணசு, சீவாளி என்று பெயர்கள் புழங்குவது கருவியைக் கையில் எடுப்பவர்களின் வாயில். நம் சொல்லும் பொத்தானை அழுத்துகிறவர் வாயில் புழங்க வேண்டும்.

ஆனால் ‘இறைப்பு’ என்பதைத் தூக்கிப் போட மாட்டேன். நிரலாளர்களுக்கான ஆவணத்தில் ‘துண்டு இறைப்பு’ என்று அந்த முறையைக் குறிக்கலாம். அதை நீங்களே எழுதித் தாருங்கள்.

கும்பகோணத்து அக்கா இன்னும் தாரையை விடவில்லை. ‘தாரை வார்த்தல் என்றால் கொடுத்தது திரும்பாது, பாய்வில் கேட்டதும் கையில் தங்குவதில்லை, அதனாலேயே பொருத்தம்’ என்று எழுதியிருக்கிறார். மடக்கிவிட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பொத்தானில் ஏறாது அக்கா.

ஒன்று மட்டும் தீராமல் நிற்கிறது. சந்தாச் சேவைகளில் இணையம் இல்லாதபோது கேட்க ஒரு வசதி உண்டு. அதைப் ‘பதிவிறக்கம்’ என்கிறோம். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்துக்கு வந்து தலைகாட்டாவிட்டால் அந்தப் பாட்டுகள் போய்விடும். பத்தாயத்தில் கொட்டிய நெல்லுக்கும் இதற்கும் ஒரே பெயரா? ‘இரவல் சேமிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், திருப்தியில்லை. இதற்கு யாராவது தனி மடல் இழை தொடங்குங்கள். பாய்வு, பாய்ச்சு, நிரம்புகிறது மூன்றையும் இன்றிரவு கோப்பில் மாற்றி ஏற்றிவிடுகிறேன்.