எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கும் மனசு: நோட்டிங் செய்தால் அடங்குமா, இன்னும் ஏறுமா?

சிவப்புமை:

வணக்கம். நாமக்கல் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. வருஷக்கணக்காக விடைத்தாள் திருத்தித் திருத்தி, கண்ணுக்குள் சிவப்புப் பேனாவைச் செருகி வைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயருக்கு முன்னால் சந்திப்பிழைதான் தெரியும். எழுத்தோடு நின்றால் பரவாயில்லை. டவுன் பஸ்ஸில் சத்தமாக ரீல்ஸ் பார்க்கிற பெண், ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைக் கழுவாமல் மூடி வைக்கிற சக ஆசிரியை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் தவறாமல் கோலம் போட்டுப் படம் அனுப்புகிற ஓரகத்தி, எல்லாருக்கும் மனசுக்குள் மார்க் போட்டபடியே இருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. உள்ளே மட்டும் ஓயாது.

சமீபத்தில் பஸ் ஸ்டாப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். சின்னப் பையன், மீசை அப்போதுதான் அரும்பியிருக்கும். "ஆழ்ந்த இரங்கலை தெரிவித்துக் கொள்கிறோம்" என்று போட்டிருந்தது. 'இரங்கலை'க்குப் பிறகு 'த்' எங்கே என்றுதான் மனசு முதலில் கேட்டது. பையன் முகத்தை அதற்கப்புறம்தான் பார்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் நோட்டிங் என்ற தியான முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணம் வந்தால் விரட்டாதீர்கள், "குறை சொல்கிறது, குறை சொல்கிறது" என்று மனசுக்குள் மெல்லச் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள் என்றார்கள். செய்கிறேன். அப்படிச் சொன்ன அடுத்த நொடியே, "இத்தனை வயசுக்கு இன்னும் இந்தப் புத்தி போகலையே" என்று ஒரு குரல் வருகிறது. அதையும் குறித்தால், "இதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியலையே" என்று மூன்றாவது குரல். முன்பு ஊரைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன், இப்போது என்னையும் சேர்த்து.

இன்னொரு சந்தேகம். குறை காண்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. இது முழுசாகப் போய்விட்டால் திருத்தும் முகாமில் உட்கார்ந்து என்ன செய்வேன்?

பர்மா காலனி:

டீச்சர், உங்கள் மூன்று குரலையும் படித்துவிட்டுச் சிரித்தேன், கோபிக்காதீர்கள். எனக்கு நன்றாகப் பழக்கமான ஆட்கள் அவர்கள்.

நோட்டிங் என்று இன்று ஊரெல்லாம் சொல்வதில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. மகாசி சயாடோ (1904–1982) என்ற பிக்கு பரப்பிய முறை. அப்போதைய பிரதமர் ஊ நூ முதலானோர் அழைத்து, 1949-ல் ரங்கூன் மையத்துக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். எங்கள் குடும்பமே ரங்கூன்தான். 1964-ல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டதும் கப்பலேறி வந்தோம். ஓய்வு பெற்றபின், அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, அந்த மையத்தில் சேர்ந்து கொஞ்ச காலம் உட்கார்ந்தேன். விடியற்காலை எழுப்பிவிடுவார்கள், மதியத்துக்கு முன்னால் சாப்பாடு முடிந்துவிடும், அப்புறம் ராத்திரி வரை ஒன்றும் கிடையாது. உட்காருவது, நடப்பது, உட்காருவது, நடப்பது. அடிவயிறு எழும்பினால் "எழுகிறது", தாழ்ந்தால் "தாழ்கிறது". நடுவில் எது வந்தாலும் அதன் பெயர்.

எனக்குப் பக்கத்துப் பாயில் ஒருவர். கால் நாழிகைக்கு ஒருமுறை தொண்டையைச் செருமுவார். அதுவும் சாதாரணச் செருமல் இல்லை, பேச்சாளர் மைக் முன்னால் நின்று செருமுவாரே, அது. "எரிச்சல், எரிச்சல்" என்று நானும் குறித்துத் தள்ளினேன். அங்கே ஆசிரியரிடம் போய் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். எரிச்சல் வந்தது, குறித்தேன் என்று என் வீட்டுப் பர்மியத்தில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "குறித்ததும் அது என்ன ஆயிற்று?"

பதில் இல்லை என்னிடம். கூடிற்றா, குறைந்ததா, அப்படியே நின்றதா, வேறொன்றாக மாறிற்றா? பார்த்தால்தானே சொல்ல! "எரிச்சல்" என்று சொல்லி அதன் மண்டையில் ஒரு போடு போட்டு அனுப்பத்தான் பார்த்திருந்தேன். பெயர் எதற்கென்றால், ஒரு நொடி அங்கேயே நின்று பார்ப்பதற்கு. அது போகிறதா இருக்கிறதா என்பது அதன் பாடு.

நீங்கள் செய்வதிலும் இதைச் சோதித்துப் பாருங்கள். "குறை சொல்கிறது" என்று உள்ளே சொல்லும்போது எந்தத் தொனியில் சொல்கிறீர்கள்? கடைசி பெஞ்சுப் பையனை எழுப்பி நிறுத்துகிற தொனியா? அப்படியானால் அந்தக் குறிப்பே குறைதான் சொல்கிறது. பஸ் வந்தால் "பஸ் வருது" என்போமே, அந்தச் சப்பென்ற குரலில் சொல்லுங்கள்.

இரண்டாவது குரலும் முதல் குரலும் ஒரே சரக்கு. 'இந்தப் புத்தி போகலையே' என்பது உங்களைப் பற்றிய உண்மையான தீர்ப்பு மாதிரி வேஷம் போட்டு வரும், நாம் எழுந்து நின்று கும்பிடு போடுவோம். அதற்கும் அதே பெயர், "குறை சொல்கிறது". மூன்றாவதற்கும். ஏழாவது வந்தாலும் அதே. சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் உபதேசத்தில், வெறுப்போடு இருக்கும் மனதை வெறுப்போடு இருக்கும் மனம் என்று அறிகிறான், வெறுப்பில்லாத மனதை வெறுப்பில்லாத மனம் என்று அறிகிறான் என்றுதான் வருகிறது. சித்தத்தைக் கவனிக்கும் அந்தப் பகுதியில் திட்டச் சொல்லி ஒரு வரி கிடையாது.

குரல்கள் வரிசை கட்டி வந்தால், பெயரை விட்டுவிட்டு உடம்புக்கு இறங்குங்கள். எனக்குத் தாடை இறுகும், மூக்குக்கு மேலே சூடு. அங்கே "இறுக்கம்", "சூடு" என்று சொன்னால் போதும். தாடை யாரையும் குறை சொல்லாது.

அரிப்புக்கும் இதே வழிதான். அரிக்கிறது, சொறியணும் போலிருக்கிறது, இரண்டையும் குறி. தாங்கவே முடியாவிட்டால் சொறிந்துகொள்ளலாம், ஆனால் கை எழுவது முதல் திரும்பி வந்து வைப்பது வரை ஒவ்வொன்றையும் குறித்தபடி. சொறிந்தால் பாவம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

சம்பளப் பயம் வேண்டாம். 'இரண்டாம் வேற்றுமை விரிக்குப் பின் வல்லினம் மிகும்' என்பது அறிவு, அது எங்கேயும் போகாது. "இதுகூடத் தெரியாமல் என்ன படிச்சான்" என்று பின்னாலேயே ஒன்று ஓடி வருகிறதே, நீங்கள் குறிக்க வேண்டியது அதை.

தாம்பரம்_ரவி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் திருமுடிவாக்கம் தம்மசேது தியான மையத்தில் பத்து நாள் முகாம் இருந்தவன். அங்கே சொல்லித்தரும் கோயங்காவின் விபாசனா தியான முறையில் மனசுக்குள் எந்தச் சொல்லும் சொல்லக் கூடாது, உடம்பில் எழும் உணர்ச்சியை அப்படியே கவனிக்கணும் என்று கறாராகச் சொல்கிறார்கள். நீங்கள் சொல்வது விபாசனாவே கிடையாது என்று என் நண்பர் சொல்கிறார்.

பர்மா காலனி:

ரவி தம்பி, கோயங்காவின் குரு ஊ பா கின், அவரும் ரங்கூன்காரர்தான். ஒரே ஊர், இரண்டு பள்ளிக்கூடம். அங்கே போனால் அவர்கள் சொல்படி சொல்லில்லாமல் இருங்கள், இங்கே வந்தால் பெயர் சொல்லுங்கள். ஒரே உட்காரலில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவே. உங்கள் நண்பருக்கு மனசில் என்ன ஓடுகிறது என்று அவரே கொஞ்சம் குறித்துப் பார்க்கலாம் :)

நைட்_டியூட்டி:

மனநலப் பிரிவில் செவிலியர் நான். தியானம் பற்றி அதிகம் தெரியாது, எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மாத்யூ லீபர்மன் குழு 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கோபமான, பயந்த முகங்களின் படத்தைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்புக் குறைந்தது. இதை வைத்து "நோட்டிங் நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று யூட்யூபில் பேசுகிறார்கள், அது கொஞ்சம் ஓவர். படத்தில் உள்ள முகத்துக்குப் பெயர் வைப்பதும், தன் மனசில் ஓடுவதற்குப் பெயர் வைப்பதும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் பெயர் சொன்னாலே உணர்ச்சி பெருகிவிடும் என்று பயப்பட வேண்டாம் என்கிற அளவுக்கு எனக்கு அது உதவுகிறது.

சிவப்புமை அக்கா, ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களைத் திட்டுகிற அந்தக் குரல் நாள் முழுக்க இருக்கிறதா? தூக்கம், பசி எப்படி? சோறு இறங்கவில்லை என்பது அந்த ஒரு நாளோடு சரி என்றால் விடுங்கள். தொடர்ந்தால், கண்ணை மூடி உட்கார்ந்து அதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது சிலருக்குப் பாரத்தைக் கூட்டிவிடும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

சிவப்புமை:

எல்லாருக்கும் நன்றி. தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறது தங்கச்சி, அன்று ஒரு நாள்தான்.

ஐயா சொன்ன தொனி விஷயம் சுருக்கென்று பட்டது. கவனித்தேன், வகுப்புக் குரலேதான்! இன்று காலை ஓரகத்தி கோலம் வந்தது. இழை ஒரு பக்கம் இழுத்திருந்தது. "குறை சொல்கிறது" என்றேன், சப்பென்று. என்ன ஆயிற்று என்று பார்த்தேன். போகவில்லை. கொஞ்சம் பொறாமையாக மாறிற்று. எனக்கு விடிகாலையில் வாசலில் உட்கார நேரமே கிடையாது ஐயா, ஆறே முக்கால் பஸ். பொறாமை என்று எனக்கு அதுவரை தெரியாது. இப்படி ஒன்று இன்னொன்றாக மாறினால் எதைக் குறிப்பது, பழையதையா புதியதையா? பஸ்ஸில் கண்ணைத் திறந்து வைத்தே செய்யலாமா?

பர்மா காலனி:

புதியதை. பழையதுதான் போய்விட்டதே, அதற்கு ஏன் பேர். பொறாமைக்கும் அதே சப்பென்ற குரல், மறந்துவிடாதீர்கள். அதற்குப் பின்னாலும் ஒரு குரல் வரும்.

பஸ்ஸில் தாராளமாகச் செய்யுங்கள், கண்ணைத் திறந்தே. ரீல்ஸ் சத்தம் வந்தால் முதலில் "கேட்கிறது". எரிச்சல் வந்தால் "எரிச்சல்". தாங்க முடியாவிட்டால் அந்தப் பெண்ணிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அதிலும் தப்பில்லை.