ஸ்கேன் அறையில் கண்டவை: எல்லையோர அனுபவங்கள்

கம்பம் மலர்:
வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போய்வந்த என் நாத்தனாருக்கு நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி கண்டபோது, "கதிர் பட்டால் கரு தங்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். அவள் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் ஜெல்லைத் தடவியதும் என் கையைப் பற்றிக்கொண்டு, "மதினி, பிள்ளைக்குச் சுடுமா?" என்று கேட்டாள். திரையில் கருப்பை காலியாக இருந்தது. கரு வலப்பக்கக் கருக்குழாயில் வளர்ந்து, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. அன்றிரவே அறுவைச் சிகிச்சை செய்து அவளைக் காப்பாற்றினார்கள். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை. எக்ஸ்ரேயில் இருப்பது போன்ற கதிர் இதில் இல்லை, இது காதுக்கு எட்டாத ஒலிதான் என்று அவளுக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை.

செங்கோட்டை வாசி:
கதிர் இல்லை என்பது உண்மை. ஆனால் "சுடுமா" என்பது தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. உடலுக்குள் செல்லும் ஒலியின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. சாதாரணப் படத்தில் அது மிகக் குறைவு, இரத்த ஓட்டத்தையும் இதயத் துடிப்பையும் அறிய ஒலிக்கற்றையை ஒரே இடத்தில் நிறுத்தும் டாப்ளர் முறையில் கூடுதல். திரையின் ஓரத்தில் தெரியும் டிஐ (வெப்பக் குறியீடு) என்ற எண் அதைக் கவனிப்பதற்காகவே உள்ளது. புனலூர்ப் பக்கம் என் மனைவிக்கு எட்டாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது, இதயத் துடிப்பைக் காதால் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். "ஆசைக்காக இந்த வாரத்தில் டாப்ளர் போடமாட்டேன்" என்று மருத்துவர் உறுதியாக மறுத்து, துடிப்பை அலைக்கோடாகத் திரையில் ஓடவிட்டு எண்ணிக் காட்டினார். அந்த மறுப்பின் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

நகரி தறிக்காரர்:
செங்கோட்டை நண்பரே, இப்படி எழுதினால் ஏற்கெனவே பயந்திருக்கும் குடும்பம் ஸ்கேனுக்கே போகாது. இந்த ஸ்கேனின் முன்னோடியான மருத்துவர் இயன் டொனால்டு குழுவினர் கிளாஸ்கோவிலிருந்து 1958இல் இதைப் பற்றிய தங்கள் கட்டுரையை வெளியிட்டது முதல் இத்தனை காலத்தில், மருத்துவத் தேவைக்காக முறையாக எடுத்த ஸ்கேனால் கருவுக்குத் தீங்கு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை. என் அக்காவுக்கு நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கிடந்தது ஸ்கேனில்தான் தெரிந்தது. வலி வரும்வரை காத்திராமல் சிசேரியன் செய்ததால் இருவரும் நலம்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது எடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, உறுப்புகளைப் பார்க்க 18 முதல் 20 வாரத்தில் ஒன்று என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தவறவிடாதீர்கள். பழைய அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள், சிறுநீரை அடக்கிக்கொண்டு போங்கள். மாநில எல்லை தாண்டிப் போய் ஆணா பெண்ணா என்று கேட்கலாம் என நினைப்பவர்களே, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டின் சட்டம் சித்தூருக்கும் திருத்தணிக்கும் ஒன்றுதான். கேட்கும் குடும்பத்தாருக்கும் அதில் சிறைத் தண்டனை உண்டு.

கம்பம் மலர்:
நகரி அண்ணா, எல்லா ஸ்கேனுக்கும் சிறுநீரை அடக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பை தெளிவாகத் தெரிவதற்காகக் கேட்பார்கள். பித்தப்பைக் கல்லுக்கு என்றால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். நேரம் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. என் நாத்தனாரைப் போல மயங்கிய நிலையில் வருபவருக்கு இவை எதுவும் தேவையில்லை, உடனே கொண்டுபோனால் போதும்.