பாண்டி ஹோட்டல்களில் ஆள் ஏன் நிற்பதில்லை?

முத்தியால்பேட்டை லாட்ஜ்காரர்:
18 ரூம், கீழே ஒரு ரெஸ்டாரன்ட். 11 வருஷமாக நடத்துகிறேன். இந்த வருஷம் மட்டும் சர்வீஸில் 9 பேர் வந்து போய்விட்டார்கள். ஒருவர்கூடச் சொல்லிவிட்டுப் போகவில்லை. சம்பளம் வாங்கிய மறுநாள் போன் ஸ்விட்ச் ஆஃப். மூணு வேளை சாப்பாடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., தேதி தவறாத சம்பளம் எல்லாம் இருக்கிறது. ஈ.சி.ஆரில் 1,000 ரூபாய் கூடத் தருகிறார்கள் என்றால் கிளம்பிவிடுகிறார்கள். நானும் சப்ளையராக இலை எடுத்துத்தான் மேலே வந்தேன். இப்போதைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கடலூர் ஓ.டி.:
அண்ணா, நான் அப்படிப் போனை அணைத்துவிட்டுப் போனவன்தான். உங்கள் இடத்திலிருந்து இல்லை, பீச் பக்கம் வேறொரு ஹோட்டலிலிருந்து. என் டியூட்டி பிரேக் ஷிஃப்ட். காலை 11 முதல் 3.30, சாயந்தரம் 6.30 முதல் 11. கணக்குக்கு 9 மணி நேரம்தான். ஆனால் வீடு கடலூர் ஓல்டு டவுனில். காலை ஒன்பதரைக்குக் கிளம்பணும், ராத்திரி கடைசி டேபிள் எழுந்து, தரை துடைத்து, பஸ் பிடித்து வீடு சேர 12.30. நடுவில் இருக்கிற மூணு மணி நேரத்தில் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் முட்டை அட்டையை விரித்துப் படுப்போம். எலி ஓடும். அங்கே இடம் இல்லாத நாளில் பாரதி பூங்கா மரத்தடி. அந்த மூணு மணி நேரம் யாருடையது? எனக்கும் இல்லை, சம்பளத்திலும் இல்லை. ஒன்றரை வருஷம் பொறுத்தேன். பொறுமை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முத்தியால்பேட்டை லாட்ஜ்காரர்:
தம்பி, பிரேக் ஷிஃப்ட் யாரையும் வதைக்கக் கண்டுபிடித்தது இல்லை. நாலு மணிக்கு வந்து மீல்ஸ் கேட்பவர் யார்? வெள்ளி ராத்திரி பெங்களூரு, சென்னைக் கூட்டம் இறங்கும், ஞாயிறு மத்தியானம் காலியாகும். செவ்வாய், புதன் நாலு ரூம் போனால் அதிகம். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஏற்ற ஆளை ஏழு நாளும் வைத்துச் சம்பளம் கொடுக்க என்னால் முடியாது. 2025 செப்டம்பரில் 7,500 வரைக்குமான ரூமுக்கு ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 5 சதவீதம் ஆக்கினார்கள், கூடவே வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டையும் எடுத்துவிட்டார்கள். வாங்குகிற ஏ.சி., பெயின்ட் எல்லாவற்றின் வரியும் இப்போது என் தலையில்.

அரியாங்குப்பம் அக்கா:
ஹவுஸ் கீப்பிங்ல ஆறு வருஷம் இருந்தேன். சர்வீஸ் பசங்களைப் பத்தியே பேசறீங்க, மேல் மாடியில என்ன நடக்குதுன்னு யாரும் கேக்கறதில்ல. ஒரு நாளைக்கு 14 ரூம். செக்-அவுட் 11 மணி, அடுத்த ஆள் 12 மணிக்கே வந்து கவுன்ட்டர்ல நிப்பாங்க. பேரடைஸ் பீச் போயிட்டு வர்றவங்க ரூம்ல மணல் எங்கெங்க இருக்கும்னு தெரியுமா? பெட்ஷீட் மடிப்புல, குளியலறையில தண்ணி போற ஜாலிக்குள்ள, ஷவர் கர்ட்டன் அடி ஓரத்துல. ஜாலியைக் கழட்டி விரலை விட்டுத்தான் எடுக்கணும், இல்லன்னா மறுநாள் தண்ணி தேங்கி எனக்குத்தான் திட்டு. மெத்தையத் தூக்கித் தூக்கி ஷீட் மூலையச் சொருகி மணிக்கட்டு வீங்கிப் போச்சு. நான் வேலையை விட்டது அதனால இல்ல. குடிச்சிட்டு ஒருத்தன் கையைப் பிடிச்சான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ரிவியூல எழுதிடுவாங்க, ஒரு சாரி சொல்லிடும்மா"ன்னார். அன்னிக்கே யூனிஃபார்மைக் கழட்டி வெச்சிட்டேன்.

எட்டு வருஷக் கேப்டன்:
அக்கா சொன்னது அநியாயம், அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் சப்ளையர்களை மேற்பார்க்கும் கேப்டனாக, மற்றபடி லாட்ஜ்கார அண்ணன் பக்கம்தான் நான். இந்தத் தொழிலில் டென்ஷன் இல்லாத நாள் கிடையாது. ஆறு மாசத்துக்கு ஒரு இடம் மாறினால் கிராச்சுவிட்டிக்கான 5 வருஷம் எப்போது சேரும்? ஃபெஞ்சல் புயல் அன்று, 2024 நவம்பர் 30, நான் டியூட்டியில் இருந்தேன். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரன்ட் இல்லை, கெஸ்ட் யாரும் வெளியே போக முடியாது. ஆறு பேர் இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரவா உப்புமா கிண்டி மாடி மாடியாகத் தூக்கிப் போனோம். ஒருத்தனும் முகம் சுளிக்கவில்லை. மனசு இருந்தால் தாங்கலாம் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

கடலூர் ஓ.டி.:
கேப்டன் அண்ணா, அந்த இரண்டு நாள் உங்கள் மேனேஜர் எங்கே இருந்தார்?

எட்டு வருஷக் கேப்டன்:
அவர் வீட்டைச் சுற்றித் தண்ணீர், வர முடியவில்லை. நாங்களே முடிவு பண்ணினோம். யார் தூங்குவது, யார் விழித்திருப்பது, என்ன சமைப்பது எல்லாம்.

கேட்டரிங் ஆசிரியர்:
இந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1979-ல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் சொன்னது இதுதான். வேலை பாரம் மட்டும் ஆளை முறிப்பதில்லை. பாரம் அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் முற்றுகிறது. புயல் நாளில் பாரம் இரண்டு மடங்கு, ஆனால் முடிவு உங்கள் கையில் இருந்தது. சாதாரண நாளில் பாரம் பாதி, வார லீவுகூட முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில்தான் தெரியும். என்னிடம் படித்துவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் போன் செய்தால் சம்பளத்துக்கு முன்னால் சொல்வது இந்த வாட்ஸ்அப் செய்தியைத்தான். அக்கா சொன்னது இன்னொரு வகை. உள்ளே அழுதுகொண்டு வெளியே சிரிப்பதும் வேலைதான். அதற்கு யாரும் கூலி போடுவதில்லை.

முத்தியால்பேட்டை லாட்ஜ்காரர்:
சார், ஆராய்ச்சி சரி. ராத்திரி ஒன்பது மணிக்கு டேபிளுக்கு யார் வருவார்? கடலூர் பிள்ளைக்கு 7 முதல் 4 வரை நேர் ஷிஃப்ட் கொடுத்தால் மற்றவன், "எனக்கு மட்டும் ஏன் ராத்திரி?" என்பான்.

அரியாங்குப்பம் அக்கா:
எல்லாரும் கேக்க மாட்டாங்க. என் அக்கா பையன் உங்க முத்தியால்பேட்டைலதான் வேலை செய்யறான், வீடும் அங்கேயே. பிரேக்ல போய்ச் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டுட்டு வர்றான். அவனுக்கு நேர் ஷிஃப்ட் குடுத்தா வேணாம்பான். யாருக்கு எது ஒத்துவரும்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?

முத்தியால்பேட்டை லாட்ஜ்காரர்:
கேட்டதில்லை. பக்கத்துக் கோட்டக்குப்பம் ஆட்கள் இரண்டு பேர் என்னிடம் இருக்கிறார்கள். நாளை கேட்கிறேன். ஆனால் ஷிஃப்டை முன்கூட்டியே எழுதித் தர முடியாது, சனிக்கிழமை புக்கிங் வெள்ளிக்கிழமைதான் வருகிறது. வார லீவை மட்டும் வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு முன் ஒட்டலாம். சனி, ஞாயிறு கிடையாது.

கடலூர் ஓ.டி.:
செவ்வாய் கொடுங்கள், புதன் கொடுங்கள். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக நாலு தடவை டோக்கன் வாங்கி நாலு தடவையும் விட்டேன் அண்ணா. எந்த நாள் என்று தெரிந்தால் போதும், அன்றைக்குப் போன் பண்ணாமல் இருந்தால் போதும். இன்னொன்று. நான் ஏன் சொல்லாமல் போனேன் என்று யாரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போனவனுக்குக் கடைசி மாசச் சம்பளம் வரவில்லை, அதைப் பார்த்துத்தான். உங்கள் இடத்தில் எப்படி?

முத்தியால்பேட்டை லாட்ஜ்காரர்:
10 நாள் சம்பளம் பிடித்து வைக்கிறேன். உண்மைதான். யூனிஃபார்மும் லாக்கர் சாவியும் திரும்பி வருவதில்லை என்பதால் ஆரம்பித்தது. இனி சாவி கொடுத்த அன்றைக்கே கணக்கு முடித்துவிடுகிறேன், அதை எழுதி ஸ்டாஃப் ரூமில் ஒட்டுகிறேன். பொறுமை விஷயத்தில் நான் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை தம்பி.