வீட்டுக் கொம்பியூட்டரில நெற் பாத்த தடயமெல்லாம் அழிக்க எந்த சொப்ட்வெயார் நல்லம்?

விசுவமடுப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டை ஒரு பழைய கொம்பியூட்டர் கிடக்கு, விண்டோஸ் 10. ஓ/எல் ரிசல்ட் பாக்க, அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவிக்காசுக்குப் போம் நிரப்ப எண்டு ஒழுங்கைச் சனம் முழுக்க இஞ்சைதான் வரும், வாறவை ஈமெயிலைத் திறந்துபோட்டு அப்பிடியே எழும்பிப் போயிடுவினம். போனகிழமை பேஸ்புக்கைத் திறந்தா பக்கத்துவீட்டு அக்கான்ர கணக்கு வருது. கிளிநொச்சி ரவுனில ஒரு கடையில கேக்க, கிராக் பண்ணின, அதாவது காசு கட்டாமல் களவாப் பூட்டுடைச்ச கிளீனர் ஒண்டு போட்டுத்தாறம் 1500 ரூபா எண்டினம், கூட்டாளி ஒருத்தன் சிகிளீனர் எண்டுறான். எதைப் போடுறது?

மாங்குளத்தான்:
தம்பி உந்தக் கிராக்கை மட்டும் போடாதையும், கள்ளனைக் கூப்பிட்டுக் காவலுக்கு வைக்கிற கதைதான். நல்ல பேரெடுத்த சிகிளீனருக்கே 2017இல என்ன நடந்தது, அவையின்ர சேர்வருக்குள்ளயே ஆக்கள் பூந்து 5.33 வேர்சனுக்குள்ள வைரஸ் வைச்சு, சொந்த வெப்சைட்டில இருந்தே 20 லட்சத்துக்கு மேல கொம்பியூட்டருக்குப் போனது. அதைப் பிறகு திருத்திப்போட்டினம்தான், ஆனா உமக்கு இதுகள் ஒண்டும் தேவையில்லை. குரோமைத் திறந்து கொன்ட்ரோல், சிப்ட், டிலீட் மூண்டையும் சேத்து அமத்தும், வாற பெட்டியில ஓல் டைம் எண்டு மாத்திப்போட்டு அழியும், அதை மாத்தாட்டி கொஞ்ச நேரத்தில பாத்தது மட்டும்தான் போகும். பயர்பொக்ஸ் எண்டா இன்னும் சுகம், மூடேக்க தானாவே எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி செட்டிங்சில ஒரு சரி போட்டுவிடலாம்.

சொப்ட்வெயார்தான் வேணும் எண்டு நிண்டா பிளீச்பிட். இலவசம், கோட் முழுக்க ஆரும் பாக்கலாம் எண்டு திறந்து கிடக்கு. ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன்ர செட்டிங்சைப் பதிஞ்சு வைக்கிற இடத்தை, கிளீன் பண்ணுறம் எண்டு வாறதுகளைக் கிட்டவும் எடுக்காதையும், மைக்ரோசொப்டே அதுகளுக்குப் பொறுப்பில்லை எண்டிட்டுது.

வவுனியா ரீச்சர்:
அண்ணை சொன்னது சரி, ஆனா ஒண்டு கவனம் தம்பி. குரோமில உங்கட கூகுள் கணக்கு சிங்க் ஆகி, அதாவது போனும் கொம்பியூட்டரும் ஒண்டாச் சேந்து இருந்தா, இஞ்சை பாஸ்வேர்ட்டுகளை அழிக்க போனில இருக்கிறதும் சேந்து போயிடும், ஹிஸ்டரியும் அப்பிடித்தான். முதல் சிங்க்கை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ. மற்றது கணக்கோட தேடினதெல்லாம் கூகுளின்ர மை அக்டிவிட்டிப் பக்கத்தில கிடக்கும், கொம்பியூட்டரில என்னத்தைப் போட்டு உரஞ்சினாலும் அது போகாது, அங்க போய்த்தான் அழிக்கவேணும்.

வாற சனத்துக்கு குரோமில கெஸ்ட் விண்டோவை, அதாவது விருந்தாளியளுக்கெண்டு இருக்கிற தனி விண்டோவைத் திறந்து குடுங்கோ. மூடின உடன ஹிஸ்டரி, குக்கீஸ், லொகின் எல்லாம் போயிடும், உங்கட கணக்கும் அவையின்ர கண்ணில படாது. டவுன்லோட் பண்ணின பைல் மட்டும் போகாது. ஐடென்டிற்றி கார்ட் ஸ்கான் பண்ணினது, பாங்க் புத்தகப் படம் எண்டு சனத்தின்ர ஆவணமெல்லாம் டவுன்லோட்ஸுக்குள்ளதான் கிடக்கும், பேஸ்புக்கை விட எனக்கு உதுதான் பயம்.

மல்லாவி நெற்:
பிளீச்பிட்டில வெறும் இடத்தை அழிக்கிறது எண்டு ஒண்டு இருக்கு, பழைய ஹார்ட் டிஸ்க்கில அழிச்ச பைலை ஆரும் திருப்பி எடுக்காமல் இருக்க அது நல்லம், ஆனா மணித்தியாலக்கணக்கில ஓடும், கரண்ட் நிக்காத நாளாப் பாத்துப் போடும். எஸ்எஸ்டி, அதாவது சுத்துற தட்டு இல்லாத புதுவகை டிஸ்க் எண்டா உந்த வேலை வேண்டாம், மேல எழுதினாலும் பழைய டேட்டா முழுக்கப் போகும் எண்டில்லை, டிஸ்க்தான் தேயும்.

விசுவமடுப் பொடியன்:
நன்றி எல்லாருக்கும், கடையை விட்டிட்டன். டவுன்லோட்ஸைத் திறந்து பாத்தன், ரீச்சர் சொன்ன மாதிரியே ஊரே உள்ளுக்க இருக்கு 😅 நான் இல்லாத நேரம் அம்மாதான் திறந்து குடுக்கிறவ, அவவுக்கு கெஸ்ட் தேடி எடுக்கத் தெரியாது, சுகமா என்ன வழி?

மாங்குளத்தான்:
டெஸ்க்டொப்பில குரோம் ஷோர்ட்கட் இன்னொண்டு போட்டு, அதின்ர புரொப்பர்ட்டீசில டார்கெட் எண்ட பெட்டியின்ர கடைசியில ஒரு இடைவெளி விட்டு, ரெண்டு சின்னக்கோடு போட்டு ஒட்டினபடி கெஸ்ட் எண்டு இங்கிலீசில சின்ன எழுத்தில அடியும் (--guest). பேரை "வாற ஆக்களுக்கு" எண்டு மாத்திவிடும், அம்மா அதை ரெண்டுதரம் தட்டினாக் காணும்.