பெருந்தொற்றுக் காலத்துச் சாவை எழுத நம்மிடம் மொழி இருக்கிறதா?

செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

வணக்கம். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு நம் நாட்டில் எழுதப்பட்ட தமிழ்ச் சிறுகதைகளை எங்கள் வாசிப்புக் குழுவில் படித்து வருகிறோம். வெறிச்சோடிய சாலையும் வேலை பறிபோன குடும்பமும் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் கண்ட ஒன்று மட்டும் எந்தக் கதையிலும் இல்லை. 2021 ஜூன் மாதம் என் அத்தை தொற்றினால் மறைந்தபோது, மாநில எல்லையைக் கடக்கத் தடை இருந்ததால், ஈப்போவிலிருந்த சித்தப்பாவால் தம் அக்காளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வர இயலவில்லை. அவர் அங்கிருந்தே சிவபுராணம் ஓத, நான் மின்சுடலையின் வாசலில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். நடுவில் இணைப்பு அறுந்தது. மீண்டும் கிடைத்தபோது அவர் நிறுத்தாமல் ஓதிக்கொண்டே இருந்தார். இதை எழுத முயலும்போதெல்லாம் செய்தித்தாள் நடையே வருகிறது. ஏன்?

தண்ணீர்மலை அன்பர், பினாங்கு

அம்மா, நோயைப் பேசுவதற்குத் தமிழில் ஒரு முழுச் சொல்லுலகமே இருந்தது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் பாட்டி, அம்மை கண்டவரை நோயாளி என்று சொல்லவே மாட்டார். 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்பார். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அடுப்பில் தாளிப்பு நின்றுவிடும், வெளியார் உள்ளே வர மாட்டார்கள், மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகே அந்த வீடு மற்றவர்களோடு சேரும். தனிமைப்படுத்தல் என்று 2020இல் நாம் கற்றவை பெரும்பாலும் அதில் அடங்கியிருந்தன, நோயாளியின் மீது வெறுப்பு மட்டும் இல்லை. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போனது நல்லதே, ஆனால் அந்தப் பேச்சும் மெல்ல மறைந்துவிட்டது. நமக்கு மிஞ்சியவை ஆணைகளும் அன்றாட எண்ணிக்கையும்தாம். செய்தித்தாள் நடை அங்கிருந்துதான் வருகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்

வெறுப்பே இல்லை என்று அன்பர் கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அம்மைக்குக் கிடைத்த மரியாதை காலராவுக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தோட்டப்புறத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நோய்தோறும் பேச்சு மாறுகிறது.

நம் மண்ணுக்கும் கொள்ளைநோய்க்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். 1879இல் பினாங்கில் பிறந்த மருத்துவர் ஊ லியென் தே, 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, மருத்துவர்களும் பணியாளர்களும் துணியாலும் பஞ்சாலும் ஆன முகக்கவசம் அணிய வேண்டும் என்று வலியுறுத்தினார். அதை அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாள்களில் நோய் கண்டு இறந்தார். அடுத்து 1918இல் இன்ஃபுளுவென்சா மலாயாவைத் தாக்கியபோது தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் பெருந்திரளாக மடிந்தார்கள். அவர்கள் நிருவாக அறிக்கைகளில் எண்களாக இருக்கிறார்கள். அவர்களுக்காக மாரடித்து அழுதவளின் சொற்கள் அவளோடு போய்விட்டன. அதனால்தான் கேட்கிறேன், மகளே: இணைப்பு எந்த அடியில் அறுந்தது, எந்த அடியில் திரும்பியது, நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை இப்போதே குறித்து வையுங்கள். நடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

ஐயா, அன்பரே, இருவருக்கும் நன்றி. நேற்றிரவு சித்தப்பாவிடம் பேசினேன். இணைப்பு அறுந்தது அவருக்கு இதுவரை தெரியாது. 95 அடிகளையும் அக்காள் முழுமையாகக் கேட்டுவிட்டுத்தான் போனார் என்று நம்பியிருக்கிறார். நான் அதைத் திருத்தவில்லை. கதையை அந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.