டிராக் ரேஸுக்குத் தமிழில் கமென்ட்ரி: மைக்கில் ஓட்டுகிறவரா, மெக்கானிக்கா?

குன்னூர்_ஸ்பேனர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் பைக் டிராக் ரேஸுக்குப் (இரண்டு வண்டிகள் நேர்க்கோட்டில் ஓடும் குறுகிய பந்தயம்) போய் வீடியோ எடுத்து வருவது வழக்கம். இந்த முறை அதற்குத் தமிழில் கமென்ட்ரி பேசி யூடியூபில் ஏற்றலாம் என்று முடிவு செய்தோம், யார் பேசுவது என்பதில்தான் இழுபறி. எங்களில் ஒருவன் பைக் ஓட்டுகிறவன், நன்றாகவும் பேசுவான். நான் சொல்வது எங்கள் ஒர்க்‌ஷாப் அண்ணனை. அவர் அதிகம் பேச மாட்டார், ஆனால் வண்டி சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்.

எனக்கு இந்த எண்ணம் வந்ததே அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ நடத்தும் ரேஸ்களைப் பார்த்துத்தான். அதில் மிக வேகமான பிரிவான டாப் ஃப்யூயல் வண்டி 1,000 அடியை 3.7 விநாடி அளவில் முடித்துவிடுகிறது. அந்த நேரத்தில் யார் என்ன பேசிவிட முடியும்? கிரிக்கெட்டில் பந்துக்கும் பந்துக்கும் நடுவே பேசலாம், இங்கே முன்னாலும் பின்னாலும்தான் பேச்சு. அதனால் விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் இரண்டு வண்டி போனது, ஒன்று ஜெயித்தது, அவ்வளவுதான். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. அப்புறம் கமென்டேட்டர் ஒருவர் ரிப்ளேயை நிறுத்தி, புகைபோக்கிக் குழாய்களில் ஒன்றில் மட்டும் தீ அணைந்திருப்பதைக் காட்டி, அந்த சிலிண்டர் எரியவில்லை, அதனால்தான் வண்டி ஒரு பக்கம் இழுத்தது என்று விளக்கியதைக் கேட்டேன். அன்றிலிருந்து நான் தீயைத்தான் பார்க்கிறேன்.

சரி, உங்கள் அனுபவத்தில் யார் பேசினால் நன்றாக இருக்கும்?

லவ்டேல்_மூர்த்தி எழுதியது:

தம்பி, யோசிக்காமல் உங்கள் அண்ணனை உட்கார வையுங்கள். காரணம் சொல்கிறேன்.

டென்வர் பக்கத்தில் பாண்டிமியர் என்று ஒரு டிராக் ரேஸ் மைதானம் இருந்தது, 2023இல் மூடிவிட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து 5,800 அடி, கிட்டத்தட்ட நம் கோத்தகிரி உயரம். அங்கே ரேஸ் நடக்கும்போதெல்லாம் காற்றின் அடர்த்தியைப் பற்றித்தான் பேச்சு. காற்று மெலிந்துவிடும், அதே அளவு எரிபொருள் கொடுத்தால் சரியாக எரியாது. டாப் ஃப்யூயல் மாதிரி நைட்ரோமீத்தேனில் ஓடும் நைட்ரோ வண்டிகளில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்ற வைத்து ஓரளவு ஈடுகட்டலாம். புரோ ஸ்டாக் என்ற பிரிவு வண்டிக்கு அந்த வசதி கிடையாது, அதனால் அது அதிகமாக அடி வாங்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு டென்வர் எல்லாம் ஞாபகம் வரவில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் பழைய கார்புரேட்டர் பைக்குகள்தான் ஞாபகம் வந்தன. பர்லியார் தாண்டி ஏற ஏற இழுவை போய்விடும், ஊட்டிக்கு வந்து பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றினால் சரியாகிவிடும். (இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் சென்சார் வைத்துத் தானே சரி செய்துகொள்கின்றன, அந்த வேலையே எங்களுக்குக் குறைந்துவிட்டது.) மலையில் வேலை பார்த்த மெக்கானிக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம், அவரே மற்றவர்களுக்குச் சொல்லித் தருவார்.

கொடை_ஆர்எக்ஸ் எழுதியது:

மூர்த்தி அண்ணா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். நான் கொடைக்கானல், சில வருடம் பைக் டிராக் ரேஸ் ஓட்டியிருக்கிறேன். கோட்டில் நிற்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதை எஞ்சின் பிரித்தவர் சொல்ல முடியாது. டாப் ஃப்யூயலில் டயர் ஷேக் என்று ஒன்று உண்டு, பின் டயர் நசுங்கி உதறும், ஓட்டுகிறவருக்குக் கண்ணே தெரியாமல் போகும். அந்த நொடியில் காலை எடுத்து மறுபடி மிதிப்பதா, விட்டுவிடுவதா என்று முடிவு எடுக்க வேண்டும். அதைச் செய்து பார்த்தவர் சொன்னால்தான் கேட்கிறவனுக்கு வயிற்றைப் பிசையும்.

நீங்கள் பார்க்கும் என்ஹெச்ஆர்ஏ கமென்டேட்டர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈஎஸ்பிஎன்னில் 2015 வரை பல வருடம் பேசிய மைக் டன், ஃபன்னி காரும் (நைட்ரோவில் ஓடும் இன்னொரு பிரிவு) டாப் ஃப்யூயலும் ஓட்டியவர். அவர் அப்பா ஜிம் டன்னும் இதே தொழில்தான், பையன் வண்டி நடுவிலேயே வளர்ந்தவர். 2016இல் ஒளிபரப்பு ஃபாக்ஸ் சேனலுக்குப் போனபோது வந்த டோனி பெட்ரகான், ஃபன்னி காரில் 2003இலும் 2007இலும் சாம்பியன். அண்ணன் குரூஸோடு சேர்ந்து சொந்த டீமும் நடத்தியவர். எஞ்சின் வெடித்தால் செலவு எவ்வளவு என்று கையிலிருந்து பணம் போன ஆளுக்குத் தெரியும், அந்த வலி குரலில் வரும். நம் சென்னை கருண் சந்தோக்கும் அப்படித்தான், 2010இல் எஃப்1 ஓட்டிவிட்டு இப்போது ஸ்கை ஸ்போர்ட்ஸில் ரிப்ளேயை நிறுத்தி நிறுத்தி விளக்குகிறார்.

ஆகவே இரண்டு பேரையும் உட்கார வையுங்கள். வண்டி ஓடும் அந்தச் சில விநாடி ஓட்டுகிறவனுக்கு, ரிப்ளே அண்ணனுக்கு.

குந்தா_ராணி எழுதியது:

நான் ரேஸ் ஓட்டியதும் இல்லை, ஸ்பேனர் பிடித்ததும் இல்லை, வீட்டில் தம்பியோடு சேர்ந்து பார்க்கிறவள். என்னைப் போன்றவர்களும் பார்ப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஜெட், கிளட்ச் என்று அடுக்கிக்கொண்டே போனால் நாங்கள் வேறு வீடியோவுக்குப் போய்விடுவோம்.

எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது ஒரு கணக்கால்தான். இரண்டு வண்டியில் மெதுவாக ஓடிய வண்டி ஜெயித்ததாகக் காட்டினார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பிதான் விளக்கினான். உதாரணத்துக்கு, பச்சை விளக்கு எரிந்து 0.050 விநாடியில் ஒருவர் கிளம்பி 3.75 விநாடியில் ஓடினால் மொத்தம் 3.800. எதிரி 3.72இல் ஓடினாலும் 0.090இல் கிளம்பியிருந்தால் 3.810. வேகமாக ஓடியவர் தோற்றுவிட்டார்! உங்கள் அண்ணன் இதைப் பொறுமையாக ஒரு தடவை சொன்னால் எங்கள் அம்மாவும் உட்கார்ந்து பார்ப்பார்.

இன்னொன்று, ரேஸுக்கு முன்னாலேயே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள். இடது பக்க வண்டியின் முன் சக்கரத்தைப் பாருங்கள், இவ்வளவு போதும். முடிந்தபிறகு வரும் விளக்கத்தைவிட அது எனக்கு அதிகம் உதவும். அவர் சொன்னது நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும், நழுவக் கூடாது.

குன்னூர்_ஸ்பேனர் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராணி அக்கா சொன்ன முன்னாலேயே சொல்லும் யோசனையை நேற்றே செய்து பார்த்தோம். போன வருட வீடியோவைச் சத்தத்தோடு ஓடவிட்டு, டயரைச் சூடாக்கச் சுற்றவிடும் பர்ன்அவுட் முடிந்ததும் நிறுத்தி, அண்ணே இதில் எந்த வண்டி போகும் என்று கேட்டேன். வலது பக்க வண்டியில் கிளட்ச் வழுக்குகிறது, ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, பாதியில் விட்டுவிடும் என்றார். ஓடவிட்டால் அப்படியே நடந்தது. ஓட்டுகிற நண்பன் அதற்கு மேல் வாதாடவே இல்லை, அந்தச் சில விநாடி எனக்கு, மீதி அண்ணனுக்கு என்று சொல்லிவிட்டான்.

அண்ணனும் ஒத்துக்கொண்டார். மைக்கைப் பார்த்தால் பேச்சு வராது, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ கேள்வி கேள், நான் உனக்குப் பதில் சொல்கிறேன் என்கிறார். அப்படியே பதிவு செய்யப் போகிறோம், ஏற்றியதும் இங்கேயே லிங்க் போடுகிறேன்.